இசட்-ஓ என்றால் மாடு: விநோதச் சொற்களை நான் மனத்தில் ஏற்றும் விதம்

என் பெறாமகனுக்குப் பதினான்கு வயது. போன வருடம், ஆங்கில எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் பலகையில் இசட், ஓ என்று இரண்டே காய்களை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சவால் விடுகிறீர்களா, சின்னம்மா?"

அப்படியொரு சொல்லே இல்லை என்று சவால் விட்டேன். அகராதியில் இருந்தது! கவரி எருமைக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பு மாடாம். ஐந்து புள்ளி தண்டம் கட்டினேன். அன்றிரவே ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து முதல் பக்கத்தில் "மாட்டுத்தொழுவம்" என்று தலைப்புப் போட்டேன். அதே மாட்டை டி-இசட்-ஓ என்றும், இசட்-எச்-ஓ என்றும், டி-எஸ்-ஓ என்றும் எழுதலாம். கே, வை என்ற இரண்டெழுத்தும் சேர்ந்தால் ஸ்கொட்லாந்தில் பசுக்கள். தொழுவம் அன்றே நிறைந்துவிட்டது.

நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொற்களை வெறும் எழுத்துக் கோவையாக விழுங்கும் மூளை அவருக்கு. எனக்கு வாய்த்த மூளைக்குப் பொருள் வேண்டும், அந்தப் பொருளும் கொழும்பு வெள்ளவத்தையில் என் கண்ணில் படுகிற ஒன்றோடு ஒட்ட வேண்டும். ஆகவே அகர வரிசையில் மனனம் செய்யாதீர்கள். உங்கள் வீட்டில் எந்த மூலைக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று பார்த்துப் பக்கம் பிரியுங்கள்.

தமிழருக்குச் சுலபமான பக்கம் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். இட்லி செல்லும். தோசை இன்னும் வேடிக்கை: அவர்களுக்கு ஒருமை "தோசா", அதன் பன்மைகளில் ஒன்று "தோசை"! டி-ஓ-எஸ்-ஏ பலகையில் இருந்தால் வாலில் ஓர் ஐ வையுங்கள். மிளகுதண்ணீரிலிருந்து வந்த சொல்லுக்குப் பன்னிரண்டு எழுத்து. கையில் இருப்பதோ ஏழு காய். அதை மறந்துவிடலாம்.

ஏழெழுத்துச் சொற்களுக்குத் தனிப் பக்கம் வையுங்கள். ஏழு காய்களையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி உபரி. ஒரு ஞாயிறு மாலை என் தட்டில் ஓ, ரீ, எச், ஓ, சீ, ஆர், ஈ நின்றன. (ரீ என்பது ரீவியில் வரும் ரீ.) இரண்டு ஓ-வைப் பார்த்ததும் சலித்துப்போய்க் காய்களை மாற்றக் கை நீட்டினேன். அப்போது அப்பப்பாவின் யாழ்ப்பாணச் சுருட்டு நினைவுக்கு வந்தது. சீ-எச்-ஈ-ஆர்-ஓ-ஓ-ரீ! சுருட்டேதான். காய்களுக்கு 12, உபரி 50. அவர் சாகும்வரை அந்த நாற்றத்துக்காக நான் சண்டை பிடித்திருக்கிறேன். வெட்டிவேரும் ஏழெழுத்து: வீ-ஈ-ரீ-ஐ-வீ-ஈ-ஆர். கொழும்பில் வெசாக்குக்கு எழுப்பும் மின்விளக்குப் பந்தலும் (பி-ஏ-என்-டி-ஏ-எல்), அணைக்கட்டும் (ஏ-என்-ஐ-சீ-யூ-ரீ) ஆறெழுத்து. எஸ் சேர்த்தால் ஏழு.

கியூ வந்து யூ வராவிட்டால் பலர் கலங்குகிறார்கள். ஆட்டம் முடியும்போது அது கையில் மிஞ்சினால் நமக்குப் பத்து குறையும், காய்களை முடித்தவருக்குப் பத்து கூடும். எனக்கு இந்தப் பக்கத்தை நிரப்பித் தந்தவர் எதிர்வீட்டு ராத்தா. தலாக், நிகாப், வக்பு எல்லாம் கியூவோடு செல்லும்; வக்பு டபிள்யூ-ஏ-கியூ-எஃப். எஸ்-யூ-கியூ அரபுச் சந்தை. புறக்கோட்டைக் கடைத்தெருவில் இடிபடும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம். கியூ-ஏ-ரீ ஏமனில் மெல்லும் இலை. வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கியூ-ஐ சீனர் சொல்லும் உயிர்மூச்சு.

உயிரெழுத்தே இல்லாமல் ரீ-எஸ்-கே, சீ-டபிள்யூ-எம் என்றும் உண்டு. முதலாவது "த்சு" கொட்டுவது, மற்றது வேல்ஸ் நாட்டு மலைப்பள்ளம். இதற்கு எங்கள் வீட்டில் மூலை கிடைக்கவில்லை. உருப்போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.

ஆடத் தொடங்குமுன் எந்தச் சொற்பட்டியல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே ஆங்கிலப் போட்டிகளில் பெரும்பாலும் காலின்ஸ் அகராதியின் பட்டியல்தான். நான் சொன்ன கலப்பு மாட்டுக்கு அமெரிக்கப் பட்டியலில் இசட்-ஓ என்ற பெயர் இல்லை.

கியூ-ஐயை ஒரு வரிசையில் மட்டும் வைப்பது வீண். ஐ-யில் முடியும் சொல்லைத் தேடுங்கள். எங்கள் பலகையில் ரொட்டி கிடந்தது: ஆர்-ஓ-ரீ-ஐ. அந்த ஐ-க்கு நேர் மேலே எழுத்தை மும்மடங்காக்கும் கட்டம் காலி. அதில் கியூவை வைத்து, வலப்பக்கம் இன்னொரு ஐ வைத்தேன். குறுக்கே ஒரு கியூ-ஐ, நெடுக்கே ஒரு கியூ-ஐ. கியூவுக்கு முப்பது, ஐ-க்கு ஒன்று. இரு திசையும் சேர்த்து 62. பெறாமகன் அகராதியை எடுக்கவே இல்லை.