கிவ்: ‘கொடு’ என்று மட்டும் படித்தால் எங்கே இடறும்

‘கொடு’ என்பதற்கான ஆங்கில வினை கிவ். அதன் மூன்று வடிவங்கள்: கிவ், கேவ், கிவன். பலர் தப்பாகச் சொல்வது நடுவில் இருப்பதைத்தான். ‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலத்தை அதுவே சுமந்துவிடும். பின்னால் வெறும் கிவ் போதும். ‘டிட் யூ கேவ்’ தவறு, ‘டிட் யூ கிவ்’ சரி. ‘ஹேவ்’ வந்தால் கிவன்தான்: ‘ஐ ஹேவ் கிவன்’.

அடுத்தது சொல் வரிசை. சிக்கல் அதிகம் இங்கேதான். ‘எனக்குச் சாவியைக் கொடு’ என்பதில் ‘எனக்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கு’ இருக்கிறது. அதனால் கை தானாக ‘டு’ போடப் போகும். ‘கிவ் டு மீ தி கீ’ என்று வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வாங்குபவர் முதலில் வந்தால் டு கிடையாது: ‘கிவ் மீ தி கீ’. பொருள் முதலில் வந்தால் டு கட்டாயம்: ‘கிவ் தி கீ டு மீ’. ‘அதை’ என்று சுட்டும் ‘இட்’ வந்தால் இரண்டாவது வரிசையே பாதுகாப்பு: ‘கிவ் இட் டு மீ’.

எதைத் தேர்ந்தெடுப்பது? கேட்பவருக்குப் புதிதாகத் தெரியவேண்டியது கடைசியில் வரட்டும். ரவிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டால் ‘ஐ கேவ் ரவி தி கீ’. சாவியை யாரிடம் கொடுத்தாய் என்றால் ‘ஐ கேவ் தி கீ டு ரவி’. அந்தக் கேள்வியிலும் கடைசியில் டு ஒட்டிக்கொண்டிருக்கும்: ‘ஹூ டிட் யூ கிவ் தி கீ டு?’ அதை விழுங்கிவிடாதீர்கள்.

இந்த இரட்டை வரிசை எல்லாக் கொடைச் சொற்களுக்கும் பொருந்தாது. ‘டொனேட்’ வந்தால் பொருள்தான் முதலில், டு வேண்டும். ‘ப்ரொவைட்’ பெறுபவரை முன்னால் வைத்தால் ‘வித்’ கேட்கும்: ‘ப்ரொவைட் அஸ் வித் வாட்டர்’.

இனி, தமிழில் ‘கொடு’ இருந்தும் ஆங்கிலத்தில் கிவ் வராத இடங்கள். நாம் வேறொரு வினைக்குப் பின்னால் கொடுவைத் துணையாக ஒட்டுகிறோம். ‘பேனா வாங்கிக் கொடு’ என்பது ‘பை மீ எ பென்’. ‘சொல்லிக் கொடு’ என்பது ‘டீச் மீ’. இவற்றில் கிவ்வைத் தேடினால் வாக்கியம் கோணலாகும். ‘விட்டுக்கொடு’ மட்டும் வேடிக்கை: வாக்குவாதத்தில் விட்டுக்கொடுப்பது ‘கிவ் இன்’. ஒரு பழக்கத்தையே கைவிடுவது ‘கிவ் அப்’. அதன் பின்னால் வினை வந்தால் ‘இங்’ சேர வேண்டும்: ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’. ‘இட்’ நடுவில் நுழையும்: ‘கிவ் இட் அப்’.

பெயர்ச்சொல்லோடு சேரும் கொடுவிலும் இதே கதை. மரியாதை கொடுப்பதற்கு ‘ஷோ ரெஸ்பெக்ட்’, புகார் கொடுப்பதற்கு ‘மேக் எ கம்ப்ளெய்ன்ட்’ என்பதே இயல்பு. பேட்டிக்கும் யோசனைக்கும் கிவ் தாராளமாக வரும். இதற்கு விதி கிடையாது. ஜோடி ஜோடியாக மனதில் வைப்பதுதான் வழி.

‘எனக்குச் சாவி கொடுத்தார்கள்’ என்பதில் கொடுத்தவர் யார் என்று முக்கியமில்லை என்றால் ஆங்கிலம் ‘ஐ வாஸ் கிவன் எ கீ’ என்று சொல்லும். முதல் பார்வையில் ‘நான் கொடுக்கப்பட்டேன்’ போல உறுத்தும். நம் ‘எனக்கு’ அங்கே ‘ஐ’ ஆகி முன்னால் உட்கார்கிறது, அவ்வளவுதான்.

கடைசியாகப் பணிவு. ஈ, தா, கொடு என்ற மூன்றையும் கேட்டு வாங்குபவரின் நிலையை வைத்துப் பிரித்தது தொல்காப்பியம்: இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். இன்றும் ‘கொடுங்க’ என்பதில் ‘ங்க’ அந்த வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. கிவ்வில் அப்படி எதுவும் ஒட்டாது. அறிமுகமில்லாதவரிடம் ‘கிவ் மீ தி பென்’ என்றால் அதட்டலாகவே கேட்கும். ப்ளீஸ் சேர்த்தாலும் கட்டளை வாடை முழுதும் போகாது. ‘குட் யூ கிவ் மீ தி பென், ப்ளீஸ்?’ என்று கேள்வியாக்கினால்தான் ‘கொடுங்க’ என்ற தொனி வரும்.