‘ராயல்’ ஊர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் சில ஊர்களின் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்ற அடைமொழி நிற்கிறது. சிலவற்றுக்குப் பின்னால் ‘ரீஜிஸ்’ என்ற லத்தீன் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பரோ’ எனப்படும் உள்ளாட்சிப் பகுதிகளில் சில ‘ராயல் பரோ’, அதாவது அரச பரோ, என்று பெயர் பெற்றிருக்கின்றன. இவற்றைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் செய்திகளிலும் கலைக்களஞ்சியக் குறிப்புகளிலும் ஒரே மாதிரியான பிழைகள் திரும்பத் திரும்ப வருவதை, மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பதால் தொடர்ந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலான பிழைகளுக்கு வேர் ஒன்றுதான். அரசப் பட்டத்தை அந்த ஊரோடு கூடப் பிறந்த குணம்போல எடுத்துக்கொள்கிறோம். ஆனால் அது யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு காரணத்துக்காக, வரையறுத்த ஓர் எல்லைக்குத் தந்த மரியாதை. இந்த நான்கையும் விசாரிக்காமல் எழுதத் தொடங்கினால் பிழை தானாகவே வந்து சேரும்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ‘அரச’ என்பதும் ‘அரசு’ என்பதும் தமிழில் ஓர் உகரத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. ‘அரச பரோ’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அரசு பரோ’ என்று அச்சேறிவிட்டால், மன்னர் தந்த மரியாதை அரசாங்க நிர்வாகத்தின் கீழ் உள்ள பகுதி என்று பொருள் மாறிவிடும். இதைவிடக் கடுமையான பிழை, பட்டம் வழங்கும் ஆவணத்தின் பெயரில் நேர்கிறது. அந்த ஆவணத்துக்கு ஆங்கிலத்தில் ‘லெட்டர்ஸ் பேட்டன்ட்’ என்று பெயர். அதைக் ‘காப்புரிமைக் கடிதம்’ என்று மொழிபெயர்த்திருப்பதை நானே ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தியிருக்கிறேன். கண்டுபிடிப்பாளருக்குத் தரப்படும் காப்புரிமைக்கும் ஓர் ஊருக்குத் தரப்படும் பட்டத்துக்கும் பொதுவான மூலம் உண்டு என்பது உண்மைதான்: இரண்டுமே, மூடி முத்திரையிடாமல், எல்லோரும் படிக்கும்படி திறந்த மடலாக மன்னர் பெயரில் வெளியிடப்பட்டவை. ஆனால் இன்றைய தமிழ் வாசகருக்குக் காப்புரிமை என்றால் வேறு பொருள். ‘அரச சாசனம்’ என்று எழுதினால் போதும். கல்லிலும் செம்பிலும் சாசனம் கண்ட மொழியில் அதற்கு விளக்கமே தேவைப்படாது.

அடுத்த குழப்பம், அரசப் பட்டத்தையும் ‘சிட்டி’ என்ற மாநகரப் பட்டத்தையும் ஒன்றாக நினைப்பது. இரண்டும் மன்னர் பெயரில் வருவதால் இந்த மயக்கம் எளிதில் ஏற்படுகிறது. வின்சரில் கோட்டை இருக்கிறது, மன்னர்களின் கல்லறைகள் இருக்கின்றன, ஊர் அரச பரோவுக்குள் இருக்கிறது. ஆனால் வின்சர் மாநகரம் ஆகவில்லை. பக்கிங்காம் அரண்மனை நிற்கும் வெஸ்ட்மின்ஸ்டரோ மாநகரப் பட்டம் பெற்ற பகுதி. அது அரச பரோ ஆகவில்லை. லண்டனில் அரச பரோக்கள் மூன்று: கென்சிங்டன்–செல்சி, தேம்ஸ் நதிக்கரைக் கிங்ஸ்டன், கிரீன்விச். நான்காவதான வின்சர்–மெய்டன்ஹெட் லண்டனுக்கு வெளியே, பெர்க்சர் பகுதியில் இருக்கிறது.

மாநகரப் பட்டத்தைப் பற்றித் தமிழ்ச் செய்திகள் எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊரில் நகராட்சியை மாநகராட்சியாக்கும்போது மக்கள்தொகை, வருவாய் போன்ற அளவுகோல்கள் பார்க்கப்படுகின்றன; அதிகாரமும் நிர்வாக அமைப்பும் மாறுகின்றன; ஆகவே ‘தரம் உயர்த்தப்பட்டது’ என்று எழுதுவது பொருந்துகிறது. அந்தப் பழக்கத்தில் பிரிட்டிஷ் ஊர்களுக்கும் அதே தொடரை எழுதிவிடுகிறோம். வேல்ஸின் செயின்ட் டேவிட்ஸில் 2000 பேர்கூட இல்லை, அது மாநகரம். நார்தாம்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அது இன்றும் டவுன்தான். சவுத்எண்டுக்கு 2022இல் மாநகரப் பட்டம் வந்ததற்கும் ஊரின் வளர்ச்சிக்கும் நேரடித் தொடர்பில்லை. அதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமஸ் 2021 அக்டோபரில் கொலை செய்யப்பட்டதை அடுத்து, அவர் நினைவுக்கு மரியாதையாக அது அறிவிக்கப்பட்டது. பேராலயம் இருந்தால் ஊர் மாநகரமாகிவிடும் என்ற பழைய நம்பிக்கையும் இப்போது செல்லாது. 1889இல் பர்மிங்காம் மாநகரமானபோது அங்கே ஆயரின் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டமே இல்லை. அது 1905இல்தான் அமைந்தது. பேராலயம் உள்ள கில்ட்ஃபர்டு இன்னும் மாநகரம் ஆகவில்லை.

பட்டம் வந்ததும் ஊருக்குக் கூடுதல் நிதியும் அதிகாரமும் வரும் என்று எழுதுவதும் தவறு. அரச பரோ மன்றம் குப்பை அள்ளுவதும், வரி வசூலிப்பதும், கட்டட அனுமதி தருவதும் பக்கத்துப் பரோவைப் போலவே அதே சட்டங்களின்படிதான்.

‘ராயல்’ என்றவுடன் அங்கே மன்னர் வாழ்ந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கும் பிழைக்கு வருகிறேன். சில இடங்களில் ஊகம் பலிக்கும். கென்சிங்டன் அரண்மனையில் 1819இல் பிறந்தவர் விக்டோரியா. அவர் 1901இல் இறந்த பிறகு, அவருடைய விருப்பத்தை ஏற்று அவர் மகன் ஏழாம் எட்வர்டு அதே ஆண்டில் கென்சிங்டனுக்குப் பட்டம் அளித்தார். கிரீன்விச்சில் இருந்த பழைய அரண்மனையில் எட்டாம் ஹென்றியும் அவருடைய மகள்கள் முதலாம் மேரியும் முதலாம் எலிசபெத்தும் பிறந்தார்கள். ஆயினும் பட்டம் வந்தது 2012இல், இரண்டாம் எலிசபெத்தின் வைரவிழா ஆண்டில். லெமிங்டன் ஸ்பாவின் காரணம் இன்னும் எளியது: விக்டோரியா இளவரசியாக இருந்தபோது 1830இல் அங்கே வந்திருந்தார், அரசியான பின் 1838இல் பட்டம் தந்தார்.

ஆனால் வில்ட்சரிலுள்ள வூட்டன் பாசெட்டுக்கு இந்த ஊகம் அறவே பொருந்தாது. அந்த ஊரின் கதையை ஒரு வரியில் கடந்துபோவது பெரிய குறை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் உயிரிழந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்கள் 2007 ஏப்ரல் முதல் பக்கத்திலுள்ள லைனம் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கின. அங்கிருந்து ஆக்ஸ்போர்டு மருத்துவமனைக்குப் போகும் வழி இந்த ஊரின் கடைத்தெரு. முதலில் முன்னாள் படைவீரர்கள் சிலர் சாலையோரம் நின்று வணக்கம் செலுத்தினார்கள். பிறகு கடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்கள். பிறகு ஊரே திரண்டது. தேவாலய மணி ஒலிக்கும், கொடி போர்த்திய பெட்டிகளைச் சுமந்த வண்டிகள் போர் நினைவுச் சின்னத்தின் முன் நிற்கும், குடும்பத்தார் வண்டியின் மேல் மலர்களை வைப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். எந்த அரசாணையும் இல்லாமல் அந்த மக்கள் தாமாகச் செய்த காரியம் அது. நான்கு ஆண்டுகளுக்கு மேல், 345 பேருக்கு அவ்வாறு அஞ்சலி செலுத்தப்பட்டது. விமானங்கள் வேறு தளத்துக்கு மாற்றப்பட்ட பின்னர், 2011 அக்டோபர் 16 அன்று இளவரசி ஆன் அரச சாசனத்தை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். ஆகவே இந்த ஊரைப் பற்றி எழுதுவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பட்டம் மக்களின் செயலுக்கு வந்தது. அரண்மனைத் தொடர்பு எதுவும் அதற்குக் காரணமாகவில்லை. மற்றொன்று, 2009இல் நடந்த ஓர் அஞ்சலியை ‘ராயல் வூட்டன் பாசெட்டில் நடந்தது’ என்று எழுதினால் காலம் பிசகுகிறது. அப்போது ஊரின் பெயர் வெறும் வூட்டன் பாசெட்.

இதற்கு முன் இங்கிலாந்தில் ஓர் ஊர் ‘ராயல்’ ஆனது 1909இல், டன்பிரிட்ஜ் வெல்ஸ். வடக்கு அயர்லாந்தின் ஹில்ஸ்பரோ கிராமம் 2021இல் இந்த வரிசையில் சேர்ந்ததால், வூட்டன் பாசெட்டைக் ‘கடைசி’ என்று குறிப்பிடும் பழைய வாக்கியங்களையும் திருத்த வேண்டும்.

‘ரீஜிஸ்’ என்று முடியும் பெயர்களை எல்லாம் பட்டப் பெயர்களாகப் பட்டியலிடுவது மற்றொரு பிழை. அந்த லத்தீன் சொல்லுக்கு ‘மன்னருடைய’ என்று பொருள். பல ஊர்களில் அது நில உடைமையைக் காட்டுகிறது. அந்தப் பண்ணை மன்னருக்குச் சொந்தம் என்று சொல்கிறதே தவிர, ஊரைக் கௌரவிக்கவில்லை. லைம் ரீஜிஸுக்கு முதலாம் எட்வர்டு 1284இல் சாசனம் அளித்தார். கிங்ஸ் லின் என்று இன்று வழங்கும் துறைமுக ஊர், ஆயருக்கு உரியதாக இருந்தவரை பிஷப்ஸ் லின். 1537இல் எட்டாம் ஹென்றி கைக்கு வந்ததும் அடைமொழியில் பிஷப் போய் மன்னர் வந்தார். இவற்றோடு போக்னர் ரீஜிஸைச் சேர்க்கக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜ் கடுமையான நோயிலிருந்து மீண்டு, 1929இல் போக்னருக்கு அருகே கடலோர வீடொன்றில் தங்கி உடல் தேறினார். அதன் நினைவாக அவ்வாண்டே ஊருக்கு அந்தப் பின்னொட்டு கிடைத்தது. பார்வைக்கு அது இடைக்காலப் பெயர்போலத் தெரியும், பின்னொட்டின் வயதோ நூறாண்டுக்குள்.

ஆண்டுகளைக் குறிக்கும்போது கிங்ஸ்டன்தான் பலரையும் தடுமாற வைக்கிறது. ‘1927இல் அரசப் பட்டம் பெற்றது’ என்று ஒரு தரப்பு எழுதுகிறது. ‘ஆயிரம் ஆண்டுகளாக அரச பரோ’ என்று இன்னொரு தரப்பு எழுதுகிறது. நடந்தது என்னவென்றால், மன்னர்களோடு நெடுங்காலத் தொடர்புள்ள அந்த ஊர் வழக்கத்தால் அரச பரோ என்று அழைக்கப்பட்டு வந்தது. 1927இல் ஐந்தாம் ஜார்ஜ் அந்த வழக்கத்தை உறுதி செய்தார். ‘உறுதி செய்தார்’ என்ற சொல்லை ‘வழங்கினார்’ என்று மாற்றிவிட்டால் வரலாறே சுருங்கிவிடும். கில்ட்ஹால் கட்டடத்தின் அருகே இரும்புக் கம்பிவேலிக்குள் ஒரு சாம்பல் நிறக் கல் இருக்கிறது. அதன் பீடத்தில் சாக்சன் மன்னர்கள் எழுவரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 925இல் அதெல்ஸ்டனும் 979இல் ஏதெல்ரெட்டும் கிங்ஸ்டனில் முடிசூடியதற்கு நல்ல சான்று உண்டு. எழுவருக்கும் ஒரே அளவு சான்று இருப்பதாக எழுதுவது சரியாகாது. அந்தக் கல்லால்தான் கிங்ஸ்டன் என்ற பெயர் வந்தது, அதாவது ‘கிங்ஸ் ஸ்டோன்’ மருவியது, என்று சொல்வதும் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் 838ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அந்தப் பெயர் ‘மன்னரின் பண்ணை’ என்ற பொருளில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களுக்குச் சொல்லப்படும் தலபுராணக் காரணங்களை எப்படிக் கவனமாகக் கையாள்வோமோ அப்படியே இதையும் கையாள வேண்டும்.

எல்லை பற்றிய பிழை சிறியதாகத் தோன்றினாலும் அடிக்கடி வருகிறது. ‘ராயல்’ என்பது டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊருக்கு உரியது. அதே பெயரில் சுற்றுப்புறங்களையும் சேர்த்து ஆளும் பரோவுக்கு அது இல்லை. லெமிங்டன் ஊர் ‘ராயல்’. அது அமைந்திருக்கும் வாரிக் மாவட்டம் அப்படியில்லை. மாறாக, 1965இல் கென்சிங்டனோடு செல்சி இணைக்கப்பட்டபோது பட்டம் புதிய பரோ முழுவதற்கும் படர்ந்தது. 1974இல் வின்சரோடு சேர்ந்த மெய்டன்ஹெட்டின் நிலையும் அதுவே.

இந்த இணைப்புகளும் பிரிப்புகளும்தான் மிகப் பெரிய தவறான எண்ணத்தை உடைக்கின்றன: கொடுத்த பட்டம் என்றும் நிலைக்கும் என்ற எண்ணத்தை. சட்டன் கோல்ட்ஃபீல்டு 1528இல் எட்டாம் ஹென்றியிடம் சாசனம் பெற்றது. அதைப் பெற்றுத் தந்தவர் அவ்வூரில் பிறந்த ஆயர் ஜான் வெசி. 1974இல் அந்தப் பரோ பர்மிங்காமுக்குள் கரைந்தபோது, பட்டம் இருக்கிறதா இல்லையா என்றே தெளிவில்லாமல் போனது. ஊர்மக்கள் விடாமல் கேட்டதன் பிறகு, பழைய பட்டத்தைத் தொடர்ந்து பயன்படுத்தத் தடையில்லை என்று 2014இல் அமைச்சர் ஒருவர் நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தினார்.

ராச்செஸ்டருக்கு அந்த நல்வாய்ப்பு கிடைக்கவில்லை. அது மாநகரப் பட்டத்தின் கதைதான் என்றாலும், அரசப் பட்டங்களைப் பற்றி எழுதும் எவரும் அறிந்திருக்க வேண்டியது. இடைக்காலம் முதல் மாநகரமாக இருந்த ஊர் அது. பேராலயமும் கோட்டையும் உண்டு. 1998இல் உள்ளாட்சிச் சீரமைப்பில் அதன் மன்றம் கலைக்கப்பட்டு, கில்லிங்காமோடு சேர்த்து மெட்வே என்ற புதிய அமைப்பு உருவானது. இவ்வாறு மன்றம் கலையும்போது, பட்டத்தையும் மேயர் பதவியின் மரபுகளையும் கட்டிக்காக்கச் சாசனக் காப்பாளர்கள் என்ற சிறு குழுவை அமர்த்த வேண்டும். பாத் ஊர் 1996இல் அவ்வாறு செய்து தன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ராச்செஸ்டரில் கலையவிருந்த மன்றம் அதைச் செய்யவில்லை. பட்டம் யாருக்கும் தெரியாமல் காலாவதியானது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2002இல், மாநகரங்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் பெயர் இல்லை என்பது தெரிய வந்தபோதுதான் ஊர் விழித்தது. இன்றுவரை அது திரும்பக் கிடைக்கவில்லை. ராச்செஸ்டரை இன்னும் மாநகரம் என்று எழுதும் கட்டுரைகள் பல உள்ளன. ஜிப்ரால்டரில் இதற்கு நேர்மாறாக நடந்தது: 1842இல் ஏற்கப்பட்ட மாநகரப் பட்டம் பட்டியல்களில் விடுபட்டு மறக்கப்பட்டு, ஆவணக் காப்பக ஆய்வில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, 2022இல் உறுதியானது.

ஸ்காட்லாந்தின் ‘ராயல் பர்க்’ ஊர்களை மேற்சொன்ன எதனோடும் கலக்கக் கூடாது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் டேவிட் காலத்திலிருந்து உருவான அவற்றுக்கு உண்மையான உரிமைகள் இருந்தன. வெளிநாட்டு வணிகத்தில் நெடுங்காலம் அவற்றுக்கே முழு உரிமை இருந்தது. சட்டப்படியான அமைப்பாக அவை 1975இல் முடிவுக்கு வந்தன. அந்தச் சொல் இன்று வரவேற்புப் பலகைகளில் இருந்தால் அது மரபு.

தமிழ் வாசகர்களுக்கு மிக நெருக்கமான அரச நகர் பிரிட்டனில் இல்லை, மலேசியாவில் இருக்கிறது. அங்கே பிரிட்டிஷ் விதிகளைப் பொருத்திப் பார்ப்பதும் தவறாகும். மலேசியாவில் மரபுவழி ஆட்சியாளர் உள்ள மாநிலங்களில், அவருடைய அரண்மனையோடு பிணைந்த ஊர் அரச நகர் எனப்படுகிறது. அது மாநிலத் தலைநகராகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. சிலாங்கூரின் தலைநகர் ஷா ஆலம், அரச நகர் கிள்ளான்; பேராக்கின் தலைநகர் ஈப்போ, அரச நகர் கோலகங்சார். சுல்தான் இல்லாத பினாங்கிலும் மலாக்காவிலும் அரச நகர் தேடக் கூடாது. தமிழர்கள் பெருமளவில் வாழும் கிள்ளானின் உள்ளாட்சி மன்றம் 2024 பிப்ரவரி 5 அன்று மாநகர் மன்றமானது. இப்போது அதன் பெயரில் ‘அரச’ என்பதும் ‘மாநகர்’ என்பதும் அடுத்தடுத்து நிற்கின்றன, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு காரணங்களுக்காக வந்து சேர்ந்த இரண்டு சொற்களாக.