'லைவ்/டெட்' கேட்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகள் (எல்லாம் நானும் செய்தவைதான்)

போன மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, ஆபீசில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவனிடமிருந்து மெசேஜ். "அண்ணே, நீங்க சொன்ன டார்க் ஸ்டார் போட்டேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

சிரித்துவிட்டேன். இருபது வருடத்துக்கும் முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் உட்கார்ந்திருந்தேன், பதில் சொல்லத்தான் ஆளில்லை, அதனால் அந்த டார்க் ஸ்டார் பாட்டு வரும் 'லைவ்/டெட்' ஆல்பத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடம் தொடவே இல்லை. அந்தப் பையன் அப்புறம் ஒவ்வொன்றாகச் செய்த தவறுகளைப் பார்த்தால் என் பழைய டைரியைப் புரட்டுவது மாதிரி இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கிரேட்ஃபுல் டெட் 1965-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய குழு. 1995-ல் குழுவின் கிடாரிஸ்டும் பாடகருமான ஜெர்ரி கார்சியா இறக்கும்வரை சுமார் 2,300 கச்சேரிகள் வாசித்தார்கள், எந்த இரவும் முந்தைய இரவு மாதிரி இருக்காது. ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து தங்கள் இசைத்தட்டு நிறுவனமான வார்னர் பிரதர்ஸிடம் கடனை ஏற்றிக்கொண்டவர்கள், மேடையில் வாசிப்பதையே பதிவு செய்தால் செலவு குறையும் என்று 1969 தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ அரங்குகளுக்கு, ஒலிகளைப் பதினாறு தனித்தனித் தடங்களில் பிடிக்கும் 16 டிராக் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதுவரை அத்தனை டிராக்கில் மேடை ராக்கை அநேகமாக யாரும் பதிவு செய்ததில்லை. அந்த நவம்பரில் இரட்டை இசைத்தட்டாக வந்ததுதான் 'லைவ்/டெட்'.

போன் ஸ்பீக்கரில் கேட்காதே, ஷஃபிளில் போடாதே என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பாட்டு வரட்டும் என்று காத்திருப்பது

டார்க் ஸ்டார் 23 நிமிடம். கார்சியா வாயைத் திறக்கவே ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்தைப் பாட்டுக்கு முன்னால் வரும் வாசற்படி என்று நினைத்துத் தாண்டினால் மிச்சமும் புரியாது. பாடும் பகுதி இரண்டே சரணம், அதுவும் சுருக்கம். இடையில் நடப்பதுதான் சரக்கு.

என் யோசனை இது: முதல் தடவை கிடாரை விட்டுவிட்டு ஃபில் லெஷ்ஷின் பாஸ் கிடாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். மற்ற ராக் குழுக்களில் பாஸ் தரையைப் போல அடியில் கிடக்கும். இவர் கார்சியாவோடு வாக்குவாதம் பண்ணுகிற மாதிரி வாசிப்பார். கார்சியா ஒன்று சொல்ல, இவர் பாதியில் குறுக்கிட, இருவரும் சேர்ந்து எங்கோ போய்விட்டுத் திரும்ப வருவார்கள். அது காதில் விழுந்த பிறகு ஆறு நிமிடம் போனதே தெரியாது.

இன்னொன்று, "புரிஞ்சுக்கலாம்" என்று 1968-ல் வந்த இதன் சிங்கிளைத் தேடிக் கேட்பவர்கள் உண்டு. மூன்று நிமிடத்துக்கும் குறைவு. அதற்கும் இதற்கும் விதைக்கும் ஆலமரத்துக்கும் உள்ள உறவு. விதையைப் பார்த்து மரத்தைப் புரிந்துகொண்டவர் யாருமில்லை.

'இது ஆலாபனை மாதிரி' என்பது

நம்மவர்கள் செய்யும் தவறு. நான் பெருமையாகச் செய்த தவறும்கூட. டார்க் ஸ்டார் பெரும்பாலும் சுற்றிவரும் மிக்சோலிடியன் ஸ்கேலை நம் கணக்கில் வைத்தால் ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை, பார்த்தவர்களிடமெல்லாம் "இது வெள்ளைக்காரன் ஆலாபனை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். விளைவு, ராகம் எப்படி விரிகிறது என்று எதிர்பார்த்து உட்கார்ந்து ஏமாந்ததுதான். ஆலாபனையில் ஒருவர் முன்னே போவார், வயலின் பின்னே வரும், எல்லை தெரியும். இங்கே முன்னே போகிறவர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறார், சில நேரம் யாருமே முன்னே இல்லை, ராகம் என்ற காவல்காரனும் இல்லை.

நம் பழக்கம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு: அதே ஆல்பத்தில் வரும் 'தி இலெவன்' பாட்டு. பேரிலேயே இருக்கிறது, பதினொரு எண்ணிக்கை. இங்கிலீஷ்காரர்கள் விரல்விட்டுத் திணறும் இடத்தில் நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டே தகிட தகிட தகிட தக என்று சொன்னால் கச்சிதமாக உட்காரும். இந்தக் கணக்கு அவர்களிடம் தற்செயலாக வந்து சேரவில்லை. இரண்டு டிரம்மர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். பின்னாளில் அதே ஹார்ட்டின் 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம் விக்கு விநாயக்ராமின் கடமும் இருந்தது, அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டுமென்றால் அதற்குப் பெருமைப்படலாம்.

இடம் போதவில்லை என்று எம்பி3 ஆக்குவது

இதைப் பற்றி எழுதும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. என் மேலேயேதான்.

2006 என்று நினைக்கிறேன். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். நெட் கனெக்ஷனில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை டவுன்லோடு இலவசம், வேகம் 256 கேபிபிஎஸ். இந்தக் குழு கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்துகொள்ளவும், காசு வாங்காமல் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளவும் அனுமதித்திருந்தது, 1984-லிருந்து மைக் நட்டுக்கொண்டு நிற்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம்கூட ஒதுக்கினார்கள். அதனால் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று, தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் ஒரு ஜிபி. அதாவது ஒரு கச்சேரிக்கு இரண்டு ராத்திரி. 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுப் படுப்பேன். கரண்ட் போனால் போச்சு.

இப்படிச் சேர்த்த முப்பது சொச்சம் கச்சேரிகளில் டிஸ்க் நிரம்பிவிட்டது. மூளை வேலை செய்தது: எல்லாவற்றையும் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் ஐந்தில் ஒரு பங்கு இடம் போதுமே! ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். மாற்றி முடித்ததும் மூலத்தை அழித்தேன். சொந்தக் காசில் வாங்கிய 'லைவ்/டெட்' சிடியையும் அதேபோல் ஏற்றிவிட்டு, "கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று ஒரு நண்பனுக்குக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து ஹெட்போனில் கேட்கிறேன். டார்க் ஸ்டாரின் இரண்டாம் சரணம் முடிந்து, எல்லாம் கரைந்து அடங்கி, அந்த அமைதியிலிருந்து கார்சியாவின் கிடார் 'செயின்ட் ஸ்டீஃபன்' பாட்டின் முதல் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கும் இடம். மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிற நேரத்தில், டக். ஒரு சின்ன ஓட்டை. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் காது அதைத்தான் பிடிக்கும், ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதற்காகவே காத்திருக்கும்.

காரணம் எளிது. எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் (சாம்பிள்கள்) கொண்ட கட்டுகளாகத்தான் கட்டும். பாட்டு கட்டின் நடுவில் முடிந்தால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்க்கும். தனித்தனிப் பாட்டுகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் நழுவிப் போகிற இந்த மாதிரி ஆல்பத்தில், வாங்கிய காசுக்கு மதிப்பு அந்த நழுவலில்தான் இருக்கிறது. இப்போதைய பிளேயர்கள் பல இதைச் சமாளித்துவிடும், அன்றைக்கு என்னிடம் இருந்தது சமாளிக்கவில்லை.

அதோடு விட்டேனா? அந்த எம்பி3-களிலிருந்தே நண்பர்களுக்கு ஆடியோ சிடி எழுதிக் கொடுத்தேன். சிடி முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க் அட் ஒன்ஸ் என்று ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. ஒவ்வொரு பாட்டாக எழுதும் டிராக் அட் ஒன்ஸில் எழுதினால் பாட்டுக்குப் பாட்டு இரண்டு நொடி மௌனம் விழும். கண் இமைக்கும் ஓட்டை இரண்டு நொடிப் பள்ளமானது.

இனிமேல்தான் அசல் கூத்து. ஏழெட்டு வருடம் கழித்து, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் "ஒரிஜினல்லேர்ந்து எடுத்த ஃபிளாக், கேட்டுப் பாருங்க" என்று 1977 மே 9, பஃபலோ கச்சேரியை எனக்கு அனுப்பினார். ஆசையாகத் திறந்தேன். கூட வந்த டெக்ஸ்ட் ஃபைலில் பஃபலோவுக்கு இங்கிலீஷில் ஒரு எஃப் குறைந்தது. அது என் எழுத்துப்பிழை. என் ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒருவர் சிடியிலிருந்து மறுபடி ஃபிளாக் ஆக்க, ஊரெல்லாம் சுற்றி வீட்டுக்கே வந்து நிற்கிறது. அந்தக் கச்சேரியின் முதல் மூன்று பாட்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று ஓடுபவை. இரண்டு இடத்திலும் பள்ளம், அளந்து வெட்டியதுபோல இரண்டு இரண்டு நொடி.

எம்பி3-யைத் திருப்பி ஃபிளாக் ஆக்கினால் போனது திரும்பாது. மங்கலான ஜெராக்ஸை லேமினேட் பண்ணி வைத்த கதை. ஃபைல் மட்டும் பெரிதாகும், பார்ப்பவர் ஏமாறுவார். சந்தேகம் வந்தால் ஸ்பெக்ட்ரம் காட்டும் இலவச மென்பொருள் எதிலாவது திறந்து பாருங்கள். 128-ல் இருந்து வந்தது பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் சுவர் எழுப்பியதுபோல நேராக நின்றுவிடும். ஆனால் அவசரப்பட்டு யாரையும் திட்டிவிடாதீர்கள், கைமாறிக் கைமாறி வந்த பழைய கேசட்டுகளிலும் மேல் ஒலி குறைவாகத்தான் இருக்கும். அங்கே அது சரிவாகத் தேய்ந்து மறையும், சுவர் இருக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

சிடியை மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். கச்சேரிகளில் பாதிதான் திரும்பக் கிடைத்தன. டிஸ்க் நிரம்பினால் டிஸ்க் வாங்குங்கள். மூலத்தை அழிக்காதீர்கள். போனில் கேட்க எம்பி3 வேண்டுமென்றால் தனியாக ஒரு பிரதி எடுங்கள், அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தத் தம்பி சொல்கிறான், "அண்ணே, இப்ப யாரு ஃபைல் வச்சிருக்கா?" சரி. அவன் ஆப்பில், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேட் ஆனில் இருந்தது. அதுவும் இதன் தம்பிதான்.

ஒரே இரவு என்று நம்புவது

டார்க் ஸ்டாரும் செயின்ட் ஸ்டீஃபனும் 1969 பிப்ரவரி 27, ஃபில்மோர் வெஸ்ட். அதிலிருந்து மூச்சுவிடாமல் தொடரும் 'தி இலெவன்' அதற்கு ஒரு மாதம் முன்னால், ஜனவரி 26 அன்று வேறொரு அரங்கில், அவலான் பால்ரூமில் வாசித்தது. ஒட்டு தெரிகிறதா பாருங்கள். எனக்குத் தெரிந்த பிறகும் தெரியவில்லை. "அப்போ லைவ்ங்கறதே பொய்யா" என்று கொதிப்பவர்களுக்கு: இவர்களுடைய 'யூரோப் 72' லைவ் ஆல்பத்தில் பாடும் குரல்களில் பெரும்பகுதியை ஊர் திரும்பி ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். லைவ் ஆல்பம் என்பது ஒரு குழு தன்னை எப்படிக் கேட்கச் சொல்கிறது என்பது. அந்த இரவில் நடந்தது அப்படியே வேண்டுமென்றால் கச்சேரிப் பதிவு என்று தனியாக இருக்கிறது.

பெட்டி செட்டை முதலில் வாங்குவது

1969-ல் ஃபில்மோர் வெஸ்டில் வாசித்த நான்கு இரவும் முழுசாக, பத்து சிடி. இரண்டாவது டார்க் ஸ்டாரிலேயே நின்றுவிடுவீர்கள்.

'பெஸ்ட் கச்சேரி எது' என்று தேடிப் போவது

கேட்ட உடனே கார்னெல் என்பார்கள். 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி. பல காலம் கை மாறிக்கொண்டே இருந்து 2017-ல்தான் அதிகாரபூர்வ ஆல்பமாக வந்தது. நல்ல கச்சேரி, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுப் பழகிய காதோடு 1969-க்கு வந்தால் "என்ன இது, ஒரே கரகரப்பு" என்று தோன்றும். 1977-ல் இருப்பது வழுவழுப்பான, வார்த்துச் செதுக்கிய குழு, பியானோ உண்டு, பெண் குரல் உண்டு. 1969-ல் ஆர்கன், பிக்பென் என்ற பாடகரின் ப்ளூஸ் குரல், எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஓடும் ஏழு பேர். என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாமல் ஓடுபவர்களைத்தான் பிடிக்கும். உங்களுக்கு மாறிப் பிடித்தால் சண்டையில்லை, ஒன்றை வைத்து மற்றதை அளக்காதீர்கள், அவ்வளவுதான்.

லவ்லைட்டைப் பயபக்தியோடு கேட்பது

ஆல்பத்தில் வரும் இன்னொரு பாட்டு, பதினைந்து நிமிடம். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், தப்பில்லை.

ஃபீட்பேக்கைத் தாண்டிவிடுவது

கடைசிக்கு முந்தின டிராக். ஆம்ப்ளிஃபயர் முன்னால் கிடாரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அது ஊளையிடுகிறது, உறுமுகிறது, மணி மாதிரி எதுவோ தூரத்தில் ஒலிக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல். என் அம்மா பக்கத்து அறையிலிருந்து வந்து டேப் சிக்கிக்கொண்டதா என்று கேட்டிருக்கிறார். சத்தத்தைக் குறைக்கலாம், தாண்டக் கூடாது.

ஏனென்றால் அது அடங்கும் இடத்தில் வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்கள் மட்டும் எழுகின்றன, இரவு வணக்கம் சொல்லும் பழைய பக்திப் பாட்டு ஒன்றை அரை நிமிடம் பாடுகின்றன, தேய்ந்து போகின்றன. ஆல்பம் முடிந்தது. பின்னால் வந்த சிடியில் இதற்கப்புறம் டார்க் ஸ்டார் சிங்கிளை ஒட்டவைத்திருக்கிறார்கள், அதற்குள் எழுந்துபோய் நிறுத்திவிடுங்கள். தம்பி ஃபீட்பேக்கைத் தாண்டிவிட்டு நேராக அந்த அரை நிமிடத்தைப் போட்டிருக்கிறான். "என்னண்ணே, நாலு பேர் ஏதோ பாடிட்டுப் போறாங்க" என்றான். அவன் சொன்னது சரிதான், தனியாகக் கேட்டால் அவ்வளவுதான் அது.