கடலைக் கொல்லைக்குப் பன்றி எந்த வழியாக வருகிறது? புதியவர்களுக்கான செலவு குறைந்த செய்முறை

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் நிலம் வாங்கிப் புதிதாகக் கடலை போடுகிறவர்கள் முதல் வெள்ளாமையிலேயே கேட்டுவிடுகிறார்கள்: "இந்தக் காட்டுப்பன்றியை வேட்டையாட எங்கே விடுவார்கள்? அதிகம் செலவில்லாத இடமாக இருந்தால் சொல்லுங்கள்." அப்படி ஓர் இடம் செட்டிநாட்டில் இல்லை, தமிழ்நாட்டில் எங்குமே இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனியாள் வேட்டையைத் தடுக்கிறது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. கண்ணி வைப்பது, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) போடுவது, கம்பியில் மின்சாரம் விடுவது எல்லாமே குற்றம். கறியை வாங்கி வைத்திருந்தாலும் வழக்கு வரும்.

சரி, பயிரைக் காப்பாற்ற என்ன வழி? வேட்டைக்காரருக்குத் தெரிந்த ஒரு வித்தை விவசாயிக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் தடம் பார்ப்பது. பன்றி கொல்லையின் நான்கு பக்கமும் இஷ்டத்துக்கு நுழைவதில்லை. பழகிய ஒன்றிரண்டு வழிகளையே திரும்பத் திரும்பப் பிடிக்கும். அந்த வழி தெரிந்துவிட்டால் காசையும் உழைப்பையும் அங்கே மட்டும் இறக்கினால் போதும்.

முதலில், பகலில் எங்கே படுக்கிறது என்று பாருங்கள்

நம் பக்கத்தில் பெரும்பாலும் பதில் கண்மாய்தான். தண்ணீர் வற்றிய உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். நிழல், மறைவு, ஈரச் சகதி மூன்றும் அங்கே கிடைக்கும். அடுத்தது அடர்ந்த கரும்புத் தோட்டம், பல வருடம் உழாமல் விட்ட புஞ்சை. உங்கள் கொல்லையிலிருந்து இவை எந்தத் திசையில் இருக்கின்றன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். புதருக்குள் தனியாக நுழையாதீர்கள். குட்டி போட்ட தாயும் ஒற்றையாகத் திரியும் பெரிய ஆண் பன்றியும் நேராகப் பாய்ந்துவிடும்.

அடுத்து, தடம்

ஆடு மாடு அவிழ்த்துவிடுவதற்கு முன்னால், விடிந்ததும் வரப்பைச் சுற்றி நடக்க வேண்டும். மந்தை ஒரு முறை மிதித்துவிட்டால் எதுவும் தெரியாது. நம்முடைய செம்புறாங்கல் பூமி காய்ந்துவிட்டால் இறுகிப்போய்த் தடத்தைக் காட்டாது. அதனால் வாய்க்கால் வாய், மடை ஓரம், மோட்டார் தண்ணீர் கசியும் இடம் என ஈரம் உள்ள பக்கமாகத் தேடுங்கள்.

பன்றியின் குளம்படி இரண்டாகப் பிளந்திருக்கும். ஆட்டுக்கும் அப்படித்தானே என்று தோன்றும். குனிந்து பாருங்கள். சேற்றில் பன்றி மிதித்த தடத்துக்குப் பின்னால், இரு பக்கமும் சற்று விலகி, இரண்டு சிறிய குழிகள் இருக்கும். அவை காலின் பின்பக்கம் உள்ள சிறு குளம்புகள் பதிந்தவை. ஆட்டுத் தடத்தில் இவை பெரும்பாலும் விழாது. தடத்தின் விளிம்பு கூர்மையாகவும் ஈரமாகவும் இருந்தால் நேற்று இரவு வந்தது. விளிம்பு உதிர்ந்து உள்ளே தூசி படிந்திருந்தால் பழையது.

தடம் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. சகதியில் புரண்ட பன்றி போகிற வழியில் மரத்தில் உரசும். முழங்கால் உயரத்தில் காய்ந்த சேறு அப்பியிருக்கும், அதில் முரட்டு மயிர் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும். முள்வேலியின் அடிக்கம்பியிலும் மயிர் சிக்கும்.

சேதத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். செடி வேரோடு புரண்டு, கலப்பை ஓட்டியது போல மண் கிளறிக் கிடந்து, மென்று துப்பிய தொலி சிதறியிருந்தால் பன்றி. மேல் மண்ணைச் சீய்த்து அங்கங்கே கொத்தியிருந்தால் மயில். பக்கத்தில் வளை இருந்து காயெல்லாம் அதற்குள் போயிருந்தால் எலி. மயில் செய்த வேலைக்குப் பன்றி வேலி போட்டுப் பணத்தை விட்டவர்கள் நம் ஊர்களில் உண்டு.

சந்தேகம் தீர ஒரு சுலபமான வழி இருக்கிறது. சாயங்காலம் வரப்போரமாக ஒரு முழ அகலத்துக்கு மண்ணைக் கொத்தி, விளக்குமாற்றால் பரவலாக்கி விடுங்கள். காலையில் நுழைந்த இடம், போன திசை, குட்டிகள் இருந்தனவா என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். தொடர்ந்து சில நாள் இப்படிப் பார்த்தால் வழி உறுதியாகிவிடும்.

எப்போது தொடங்குவது

கடலையில் 40, 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போதே தடுப்பு வேலையையும் தொடங்குங்கள். விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடித்த பிறகு ருசி கண்ட கூட்டத்தைத் திருப்புவது மிகவும் கஷ்டம். நெல்லுக்கு இந்தக் கவனம் பால் பிடிக்கும் பருவத்துக்கு முன்னால் வேண்டும்.

கையில் இருப்பதை வைத்துத் தடுப்பது

பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு அபாரம். ஆகவே வாசனையை நம்பிச் செய்கிற உபாயங்கள் முதலில். சலூனில் கேட்டால் முடி சும்மா கிடைக்கும். அதை நுழையும் வழியில் மண்ணோடு சேர்த்துத் தூவுங்கள். மோந்துகொண்டே வரும் பன்றியின் மூக்கில் ஏறித் தொல்லை கொடுக்கும். அழுகிய முட்டையைத் தண்ணீரில் கரைத்து வரப்பில் தெளிப்பவர்களும் உண்டு. மழை பெய்தால் எதுவானாலும் மறுபடி செய்தாக வேண்டும். பழைய சேலைகளைக் கம்பு நட்டு வரிசையாகக் கட்டலாம். ஆனால் எந்த உபாயமும் கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருங்கள்.

என்னைக் கேட்டால், அடுத்த பட்டத்துக்கு விதைக்கும்போதே கொல்லையைச் சுற்றி ஆமணக்கை நெருக்கமாகச் சில வரிசை போட்டுவிடுவது நல்லது. கடலை வாசனையை மறைக்கும், விதையும் விலைக்குப் போகும்.

இரவுக் காவலுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர்களோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சும் தகர டப்பாவும் போதும். பட்டாசு வேண்டாமே. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

மின்வேலி

மின்வாரிய இணைப்பிலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் விடவே கூடாது. அதில் பன்றியைவிட முதலில் அகப்படுவது மடை திருப்பப் போகும் மனுஷன்தான். சூரிய மின்வேலி வேறு. அதிலுள்ள கருவி விட்டு விட்டு ஒரு கணம் மட்டும் அதிர்ச்சி கொடுக்கும், உயிர் போகாது. இதற்கான மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். மின்வேலிகளுக்கு 2023ஆம் ஆண்டு தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. காப்புக்காடு (அரசு அறிவித்து வனத்துறை காக்கும் காடு) பக்கத்தில் இருந்தால் வேலி போடும் முன்பே வனச்சரக அலுவலகத்தில் பேசிவிடுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால்

2025 ஜனவரியில் அரசு ஓர் ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம், ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டுமே. எனவே பன்றித் தொல்லை பற்றி வனத்துறைக்கு மனு கொடுக்கும்போது, அதில் உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சர்வே எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து இணைத்தால் அளவு புரியும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பிரதி, வனச்சரக அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். இரண்டிலும் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்பதாக இருந்தால், அவர்கள் வந்து பார்க்கும்வரை புரட்டிய இடத்தை உழுதுவிடாதீர்கள்.