தரையைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்: ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தேவகோட்டைப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். செப்டம்பரில் வாலென்சியாவுக்கு முதுகலை படிக்கப் போகிறவள். படத்தில் கட்டில் பாதிதான் தெரிந்தது, சன்னல் தெரியவே இல்லை. முழுக்கத் தரை. சிவப்பும் காவியும் கறுப்புமாகப் பூக்கோலம் போட்ட தரை. கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, தரையைப் பாருங்களேன்! அப்படியே நம்ம ஊர் வீடு. இன்னிக்கே அட்வான்ஸ் போட்டுடவா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2018இல் அதே ஊரில், ஏறக்குறைய அதே தரையைப் பார்த்து நான் ஏமாந்த கதை அப்படி.

ஒரு வருடம் அங்கே படித்துவிட்டு வந்து, இப்போது காரைக்குடியில் மாலை நேரத்தில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகள் ஸ்பெயினுக்குக் கிளம்புகிறார்கள். என் தவறுகளை நான் எழுதிக் கொடுத்த மாதிரியே வரிசை மாறாமல் செய்கிறார்கள். 'எம்பாரசாதா' என்றால் கூச்சம் இல்லை, கர்ப்பம் என்பது போன்ற சொல் தடுமாற்றங்களை இங்கே விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். பணத்தையும் நாளையும் தின்கிற தவறுகள் வேறு.

மொழிபெயர்ப்பை முதலில் செய்வது

டிகிரி சான்றிதழுக்கு முதலில் அப்போஸ்தில், அதாவது சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்காக நம் அரசு தரும் அத்தாட்சி. பிறகுதான் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. நான் தலைகீழாகச் செய்தேன். மொழிபெயர்த்து முடித்த பிறகு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. அதையும் மொழிபெயர்க்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது முறை பணம் கட்டினேன். மொழிபெயர்ப்பவரும் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த 'த்ரதுக்தோர் ஹுராதோ'வாக, அதாவது உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். கடையில் போட்டுத் தரும் 'சர்ட்டிஃபைட்' முத்திரையை நம்பிப் போகாதீர்கள்.

இனிஷியலை இனிஷியலாகவே விடுவது

நம் மதிப்பெண் பட்டியலில் 'எஸ். மீனாட்சி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த 'எஸ்' அப்பச்சியின், அதாவது அப்பாவின், முழுப் பெயராக விரிந்து நிற்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். அங்கே கவுன்ட்டரில் இருப்பவருக்கு இரண்டு ஆள். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், வழக்கமாக அப்பாவுடையது முதலில், அம்மாவுடையது அடுத்து. படிவங்களிலும் அதற்கு இரண்டு கட்டம். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று ஆத்தா பெயரை எழுதி நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு எழுத்துகூட எந்தப் படிவத்திலும் வரக்கூடாது.

இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவைதான் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே வாங்கி, அதற்கும் அப்போஸ்தில் போட்டு எடுத்துப்போங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு இதற்காக அலைவது நரகம். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பெயருக்கு முன்னால் மூன்று நான்கு எழுத்து விலாசம் ஓடும், ஐயா பூட்டன் எல்லாரும் அதற்குள் அடக்கம். அவர்களில் ஒருவர் அந்தக் கவுன்ட்டரில் போய் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்து அப்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். வேறு வழியில்லாத சிரிப்புதான்.

பதிவு செய்ய முடியாத வீட்டை எடுப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாலென்சியாவில் கடலோரமாகக் கபன்யால் என்று ஒரு பகுதி. பழைய மீனவர் குடியிருப்பு. வீட்டு முகப்பில் எல்லாம் வண்ண ஓடு பதித்திருப்பார்கள். கானாடுகாத்தானில் தெருத் தெருவாக நடந்து வளர்ந்தவளுக்கு அங்கே நுழைந்ததும் மனசு இளகிவிட்டது. ஊர் விட்டு வந்து ஒன்பது நாள். விடுதியில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் தூக்கம். அப்போதுதான் அந்த வீட்டைப் பார்த்தேன். இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்ததும் தரை.

ஆத்தங்குடிக் கல்லை நம் ஊரில் கண்ணாடித் தட்டின் மேல் ஊற்றி எடுப்பார்கள். சிமெண்டும் மணலும் வண்ணக் கலவையும்தான். சூளையில் சுடுவதில்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஸ்பெயினின் பழைய வீடுகளில் இருப்பது 'பல்தோசா இத்ராவுலிகா'. அதுவும் சிமெண்டுதான், அதையும் சுடுவதில்லை. இரும்பு அச்சில் வண்ணத்தை ஊற்றி, அழுத்தும் எந்திரத்தில் வைத்து இறுக்கி எடுப்பது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் செய்தது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்தத் தரையில் நின்றது. சன்னலோரம் ஒரு கல் மூலையில் விண்டிருந்தது. எங்கள் வீட்டு வளவிலும் அப்படி ஒரு கல் உண்டு. வீட்டைக் காட்ட வந்த பெண்மணி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடகை 280 யூரோ. முதல் மாதமும் இரண்டு மாத முன்பணமுமாக 840 யூரோவை ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அப்பச்சிக்குத் தரையைப் படம் எடுத்து அனுப்பினேன். "நல்ல வீடா அமைஞ்சிருக்கே" என்றார். அவரும் தரையைத்தான் பார்த்தார்.

இரண்டாம் வாரம் பல்கலைக்கழகத்தில் ஒரு தோழி கேட்டாள்: "பத்ரோன் போட்டாச்சா?" பத்ரோன் என்பது நகராட்சியின் குடியிருப்போர் பதிவேடு. அதில் பெயர் சேர்ப்பதற்கு 'எம்பாத்ரோனமியெந்தோ' என்று பெயர். அங்கே குடியிருக்கிற எவரும் அதில் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிய, நம் பெயரில் வாடகை ஒப்பந்தம் வேண்டும், அல்லது ஒப்பந்தக்காரரின் எழுத்து அனுமதி வேண்டும். அன்று மாலை அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைக்காமலே சொன்னார்: "நோ. எம்பாத்ரோனார்ஸே, நோ."

அவர் வீட்டுக்காரரே இல்லை. அவரும் வாடகைக்குத்தான் இருந்தார். அறையை எனக்கு உள்வாடகைக்கு விட்டது உண்மையான உரிமையாளருக்குத் தெரியாது. என் பெயர் பதிவேட்டில் ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆக, காசு கொடுத்துத் தங்கியும் அந்த விலாசத்தில் நான் இல்லாத ஆள்.

அதனால் என்ன, ஒரு பதிவுதானே என்று அன்றைக்கு நினைத்தேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர்கள் உள்ளே நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே அதை 'தியே' என்பார்கள். என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசா 90 நாளுக்குத்தான். அதன் பிறகு அட்டைதான் எல்லாம். அட்டைக்குக் கைரேகை வைக்கப் போகும்போது பத்ரோன் சான்றைக் கேட்டார்கள். கைரேகைக்கு முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு. விடிகாலையில் எழுந்து இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் தட்டி, அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள் பிடித்தேன். போய் நின்றேன். சான்று இல்லை. திருப்பி அனுப்பினார்கள். அந்த நாள் போயிற்று. அடுத்த நாள் கிடைக்கவில்லை.

நவம்பரில் அந்த வீட்டை விட்டு வெளியேறினேன். முன்பணம் 560 யூரோ திரும்பி வரவே இல்லை. சீட்டை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? 390 யூரோவுக்கு, என் பெயரில் ஒப்பந்தத்தோடு வேறு அறை கிடைத்தது. பளபளவென்று வெள்ளை டைல்ஸ், ஆஸ்பத்திரி மாதிரி. ஆனால் நகராட்சியில் கால் மணி நேரத்தில் பதிவு முடிந்தது. கைரேகைக்கு நாள் கிடைத்தது ஜனவரி இரண்டாம் வாரம். தாமதத்துக்கு முகம் சுளித்தாலும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். அட்டை கைக்கு வர மேலும் ஒரு மாதம்.

அந்தத் தை மாதத்தில்தான் ஊரில் ஐயாவுக்கு எண்பதாம் சாந்தி. அட்டை கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி நுழைய 'ஆவ்தோரிசசியோன் தெ ரெக்ரெசோ' என்று தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் முன்பதிவு, அதற்கும் நாள் இல்லை. வீடியோ அழைப்பில் பார்த்தேன். யாரோ ஃபோனை வளவுத் தூணில் சாய்த்து வைத்துவிட்டார்கள். ஐயாவின் கால் தெரிந்தது, கும்பத்தண்ணீர் வழிந்து ஓடியது தெரிந்தது, மீதி நேரமெல்லாம் தரைதான் தெரிந்தது. ஆத்தங்குடித் தரை.

அந்தப் பெண்மணி மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவருக்கு அவர் கஷ்டம். ஒரே ஒரு கேள்வியை முன்னாலேயே கேட்காத என் மேல்தான் கோபம். அந்தக் கேள்வி இது: "மே புவேதோ எம்பாத்ரோனார் அக்கீ?" இந்த விலாசத்தில் நான் பதிந்துகொள்ளலாமா? மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள். பணம் கைமாறுவதற்கு முன், எழுத்தில் பதில் வாங்குங்கள். பேசுகிறவர் உரிமையாளரா, வாடகைக்காரரா என்று கேளுங்கள். வாடகைக்காரர் என்றால் உள்வாடகைக்கு உரிமையாளர் கொடுத்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் ஒப்பந்தம் இருந்தால், "பதியாதே" என்று உரிமையாளர் வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை, ஒப்பந்தத்தைக் காட்டியே பதியலாம். முன்பணத்தை வங்கி வழியாக அனுப்பி, விவரத்தில் 'ஃபியான்சா' என்று எழுதுங்கள். குடியிருப்பு வாடகைக்குச் சட்டப்படியான ஃபியான்சா ஒரு மாதம், பருவகால ஒப்பந்தம் என்றால் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

வகுப்பு எந்த மொழியில் என்று பார்க்காமல் சேர்வது

வாலென்சியாவில் இரண்டு மொழி. ஸ்பானிஷ் மட்டும் படித்துவிட்டுப் போய், வாலென்சிய மொழியில் நடக்கும் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டு விழித்தவர்கள் உண்டு. பாடத்துக்குப் பக்கத்தில் பிரிவின் மொழி போட்டிருக்கும். பாருங்கள்.

எல்லாரையும் 'நீங்கள்' என்பது

'உஸ்தெத்' என்றால் நீங்கள், 'து' என்றால் நீ. மரியாதை என்று நினைத்து அறைத்தோழிகளை இரண்டு மாதம் 'உஸ்தெத்' என்றே கூப்பிட்டேன். எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை போல என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். பேராசிரியர்கள் பலரே 'து' என்று சொல்லச் சொல்வார்கள். முதல் தடவை நாக்கு கூசும். சொல்லிவிடுங்கள்.

'கார்னே வேண்டாம்' என்று மட்டும் சொல்வது

'கார்னே' என்றால் இறைச்சி. அதை மட்டும் வேண்டாம் என்றால் சூரை மீன் வரும். அல்லது பன்றித் தொடை.

உப்புக்கண்டம் கட்டிக்கொண்டு போவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆயா உருக்கிக் கொடுத்த நெய்யும் அதில் சேர்த்தி. சீப்புச் சீடையை நெய் இல்லாமல் எண்ணெயில் சுட்டுத் தரச் சொல்லுங்கள்.

பத்துக்கு ஏழு வாங்கி அழுவது

ஐந்து பாஸ். ஏழு நல்ல மதிப்பெண். அழாதீர்கள்.

மார்ச் 15 முதல் 19 வரை அலுவலக வேலை வைத்துக்கொள்வது

ஃபாயாஸ் திருவிழா. வேட்டுச் சத்தத்தில் உங்கள் பெயரே உங்களுக்குக் கேட்காது.

தேவகோட்டைப் பெண்ணுக்கு அந்த ஒரு வரியை ஸ்பானிஷில் தட்டி அனுப்பினேன். "இதை அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பு. பதில் வரும் வரை பணம் போடாதே." ராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: "அக்கா, ப்ளூ டிக் மட்டும் வந்துருக்கு."