விண்ணப்பம் யாருடையது? மகளிர் கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வேலைக்குச் சேர்ந்த முதல் பருவத்தில் நான் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. அலுவலகத்தை மூடப்போகும் மாலை நேரம். ஐம்பதை நெருங்கும் பெண்மணி ஒருவர் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தார். "மகள் வரவில்லையா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கோப்பைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய பள்ளி இறுதிச் சான்றிதழ் இருந்தது. மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் தாள் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. "விண்ணப்பம் எனக்குத்தான்" என்றார். ஏதோ தப்பு செய்துவிட்டவரைப் போல அவர் குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்திருக்க வேண்டியது என் குரல். படிவத்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவே இல்லை.

இந்த வேலையில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றின் கிளைகள் என்பது என் கருத்து. விண்ணப்பிப்பவர் யார் என்று பார்க்காமல், நாம் எதிர்பார்த்த ஒருவரோடு பேசத் தொடங்கிவிடுகிறோம். புதிதாக இந்தப் பணிக்கு வருகிறவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

பேசுகிறவருக்கே பதில் சொல்வது

ஆலோசனை அறையில் அடிக்கடி நடப்பது இது. தந்தை நடுவில் அமர்கிறார், ஒரு பக்கம் தாய், மறுபக்கம் மாணவி. "எந்தப் பாடத்தில் ஆர்வம்?" என்று கேட்கிறோம். "அவளுக்கு வேதியியல்தான்" என்கிறார் தந்தை. மாணவி பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருக்கிறாள். நாம் தந்தையைப் பார்த்தே வேதியியல் துறையைப் பற்றி விளக்க ஆரம்பிக்கிறோம். அரைமணி நேரம் கழித்து மூவரும் எழுந்து போகிறார்கள். அவள் குரல் எப்படி இருக்கும் என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

இது மரியாதைக் குறைவால் நடப்பதில்லை. பேசுகிறவருக்குப் பதில் சொல்வது மனித இயல்பு. அதனால் அதை மீற ஒரு வழிமுறை வேண்டும். நான் முதல் கேள்வியை மாணவியின் பெயரைச் சொல்லி அவளிடமே கேட்கிறேன். அது பெற்றோரால் பதில் சொல்ல முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். "சமீபத்தில் படித்ததில், முதலில் புரியாமல் இருந்து பிறகு திடீரென்று புரிந்தது எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஆர்வம் என்ன என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில் வரும். இந்தக் கேள்விக்கு வராது.

கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மௌனம் நமக்குத்தான் பாரமாக இருக்கும், அவள் யோசித்துக்கொண்டிருப்பாள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இடையில் பெற்றோர் பேசத் தொடங்கினால், "உங்கள் கேள்விகளுக்குத் தனியாக நேரம் வைத்திருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அந்த நேரத்தைக் கொடுக்கவும் வேண்டும்.

ஏனென்றால் இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பெற்றோரைத் தடையாகப் பார்ப்பது. கல்லூரிப் படியே ஏறாத ஒரு தாய் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்டால் எரிச்சல்படாதீர்கள். ஏதோ ஒரு தாள் விடுபட்டுப்போய், மகளுக்குக் கதவு மூடிவிடுமோ என்று அவர் பயப்படுகிறார். தேவையான ஆவணங்களையும் கடைசி நாளையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் பத்து ஆறுதல்களைவிட அந்தத் தாள் பெரியது.

பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வருகிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரி, வழக்கமான கல்லூரி வயதைக் கடந்த பெண்களுக்காக 1975-ஆம் ஆண்டில் ஏடா காம்ஸ்டாக் பெயரில் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாட்டின் இன்னொரு மகளிர் கல்லூரியான மவுண்ட் ஹோலியோக்கில் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் பெயரில் அத்தகைய திட்டம் இருக்கிறது. பெர்கின்ஸ் அங்கே 1902-இல் பட்டம் பெற்றவர். 1933-இல் அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினரானவர். இப்படிப்பட்ட தனித் திட்டம் உங்கள் கல்லூரியில் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வருகிறவரிடம் "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?" என்று விசாரணை போலக் கேட்காமல் இருக்க எந்தத் திட்டமும் தேவையில்லை. முன்பு படித்த பாடங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியுமா, வகுப்பு நேரம் அவருக்கு ஒத்துவருமா என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள வந்திருக்கிறார்.

"பாதுகாப்பு" என்ற ஒற்றைச் சொல்லில் கல்லூரியை விற்பது

மகளிர் கல்லூரி ஆலோசகர்களின் நாக்கு நுனியில் எப்போதும் இருக்கும் சொல் இது. பெற்றோர் முகத்தில் உடனே நிம்மதி தெரிவதால் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்த நேரத்தில் மாணவியின் முகத்தையும் பாருங்கள். பெற்றோர் காதில் காவல் என்று விழுவது, அவள் காதில் சிறை என்று விழுகிறது. போதாக்குறைக்கு, வளாகத்துக்கு வெளியே எதற்கும் பொறுப்பேற்க முடியாத நாம், காப்பாற்ற முடியாத வாக்கையும் கொடுத்துவிடுகிறோம்.

மகளிர் கல்லூரிகள் பெண்களை ஒளித்து வைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. மற்ற கதவுகள் மூடியிருந்ததால் பிறந்தவை. மேரி லயன் 1837-இல் மவுண்ட் ஹோலியோக்கைத் தொடங்கியபோது, ஆண்களுக்குக் கிடைத்த உயர்கல்விக்கு நிகரானதைப் பெண்களுக்குத் தருவதே நோக்கம். தென் கொரியத் தலைநகர் சியோலில் உள்ள இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம் 1886-இல் ஒரே ஒரு மாணவியுடன் தொடங்கியது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட்டன் கல்லூரி 1869-இல் நிறுவப்பட்டது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள், படித்தும் தேர்வெழுதியும் முழுமையான பட்டம் இல்லாமல் பெண்கள் வெளியேறினார்கள். இந்த வரலாற்றைச் சொன்னால் பதினேழு வயதுப் பெண் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு இன்றைய நடப்பைச் சொல்லுங்கள். மாணவர் பேரவைத் தலைவர், இதழாசிரியர், நாடகத்தின் ஒளியமைப்பாளர், ஆய்வகத்தில் கருவியைத் திருகிப் பார்ப்பவர் என எல்லாப் பொறுப்பிலும் இங்கே ஒரு பெண் இருக்கிறார். அது அவளாக இருக்கலாம். பொத்தாம்பொதுவாக இல்லாமல், உங்கள் வளாகத்தில் போன ஆண்டு நடந்த ஒன்றைச் சொன்னால் அவள் நம்புவாள்.

இருபாலர் கல்லூரிகளைக் குறைத்துப் பேசுவது இதன் இன்னொரு முகம். அதுவும் வேண்டாம். ஆண்களே இல்லாத வகுப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்காவின் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரி மாணவியர், இருபாலரும் படிக்கும் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துப் படிக்கலாம். பிரின் மார் மகளிர் கல்லூரிக்கும் ஹேவர்ஃபோர்ட் கல்லூரிக்கும் இடையே, பார்னார்ட் மகளிர் கல்லூரிக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே இதே போன்ற ஏற்பாடுகள் உண்டு. கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் இன்றும் பெண்களுக்கு மட்டுமான கல்லூரி. பல்கலைக்கழக விரிவுரைகளிலோ எல்லாரும் சேர்ந்தே அமர்கிறார்கள். உங்கள் கல்லூரியின் ஏற்பாடு என்ன என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதேபோல, திருநங்கையர், திருநம்பியர் சேர்க்கை பற்றிய விதியையும். அமெரிக்காவில் 2014-இல் மில்ஸ், மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரிகளும், 2015-இல் வெல்லெஸ்லி, ஸ்மித், பிரின் மார், பார்னார்ட் கல்லூரிகளும் இது குறித்துத் தெளிவான விதிகளை அறிவித்தன. எல்லா விதிகளும் ஒன்றல்ல. இந்தக் கேள்வியை ஒருவர் எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் நம்மிடம் கேட்கிறார். அப்போது நாம் விழிப்பதும் பக்கத்து மேசையைப் பார்ப்பதுமே ஒரு பதிலாகிவிடுகிறது.

களைத்த கண்ணோடு கோப்பைப் படிப்பது

விண்ணப்பங்கள் குவியும் வாரங்களில் ஒரே நாளில் பல டஜன் கோப்புகள் கையைக் கடக்கும். காலையில் முதலில் படித்த கட்டுரைக்குக் கிடைத்த கவனம் இரவில் கடைசியாகப் படித்ததற்குக் கிடைப்பதில்லை. அந்த மாணவி செய்த பிழை எதுவும் இல்லை. களைப்பு ஏறியதும் கைகள் மதிப்பெண் பட்டியலுக்குத் தாவும். எண்கள் படிக்க எளிதானவை. நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். வேண்டாம் என்று குறித்த கடைசிச் சில கோப்புகளை மறுநாள் காலையில் மீண்டும் திறந்து பாருங்கள். நான் அப்படித் திறந்து என் முடிவை மாற்றிக்கொண்ட நாட்கள் உண்டு.

ஓர் ஆண்டில் மட்டும் மதிப்பெண் சரிந்திருந்தால், அந்த ஆண்டில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். படுக்கையில் விழுந்த பாட்டியைப் பார்த்துக்கொண்டதையும் தம்பி தங்கைகளுக்குச் சமைத்ததையும் எந்தப் பெண்ணும் சாதனைகள் என்ற கட்டத்தில் எழுதுவதில்லை. அதைச் செய்தி என்றே அவள் நினைப்பதில்லை. கேட்டால்தான் வரும்.

பரிந்துரைக் கடிதங்களைப் படிப்பதில் இன்னும் நுட்பமான தவறு ஒளிந்திருக்கிறது. ஃபிரான்சஸ் டிரிக்ஸ், கேரொலின் சென்கா என்னும் இரு ஆய்வாளர்கள், மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பணிக்கு வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் சராசரியாகச் சிறியவையாக இருந்தன. ஐயத்தைக் கிளப்பும் தொடர்கள் அவற்றில் கூடுதல். திறமையைவிட உழைப்பைப் பாராட்டும் சொற்களும் கூடுதல். அந்த ஆய்வு பள்ளி மாணவியரைப் பற்றியது அல்ல. ஆனாலும் "கடின உழைப்பாளி, பணிவானவள்" என்று மட்டும் எழுதிய கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்தச் சொற்களை அவளுடைய அறிவின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருநூறு பேருக்குக் கடிதம் எழுதும் ஓர் ஆசிரியரின் நான்கு வரிக் கடிதமும் அப்படித்தான்.

அரை உண்மைகள்

"உனக்குக் கண்டிப்பாக இடம் கிடைக்கும்." இந்த வாக்கியத்தை ஒருபோதும் சொல்லாதீர்கள். முடிவு பெரும்பாலும் ஒரு குழுவின் கையில் இருக்கிறது. நாம் ஊக்கமாகச் சொன்னதை அவள் உறுதியாக எடுத்துக்கொண்டு, வேறு கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடக்கூடும். காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரிடமும் அப்படியே. வாய்ப்பு குறைவு என்றால் குறைவு என்றே சொல்லுங்கள். அவள் வேறு இடம் தேட அது நேரம் கொடுக்கும்.

கட்டணத்தில் சொல்லும் அரை உண்மைதான் எல்லாவற்றிலும் கொடியது. படிப்புக் கட்டணத்தை மட்டும் சொல்லிவிட்டு விடுதி, தேர்வு, ஆய்வகம், புத்தகம், போக்குவரத்து ஆகியவற்றைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்துக்கு விட்டுவிடுகிறோம். உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டுமா, ஆண்டுதோறும் தொடருமா, தொடர எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இரண்டாம் ஆண்டில் உதவித்தொகை நின்றுபோய், பாதியில் படிப்பை விட்ட ஒரு பெண் கையில் பட்டமில்லாமல் கடனோடு வீடு திரும்புகிறாள். அவள் கேட்காவிட்டாலும், படிப்பு முடியும் வரை ஆகும் மொத்தச் செலவை ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். அதைப் பார்த்து ஒரு குடும்பம் பின்வாங்கினால் பின்வாங்கட்டும். இரண்டாம் ஆண்டில் விழப்போகும் அடி இன்றைக்கே தடுக்கப்பட்டது.

"இந்தக் கல்லூரி மகளிர் கல்லூரியாகவே நீடிக்குமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் மகளிர் கல்லூரியாக இருந்த வாஸர் 1969-இல் ஆண்களைச் சேர்த்துக்கொண்டது. மில்ஸ் 2022-இல் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மூடப்போவதாக 2015-இல் அறிவித்த ஸ்வீட் பிரையர் கல்லூரியை முன்னாள் மாணவியர் போராடிக் காப்பாற்றினார்கள். சிரித்து மழுப்பாமல், நிர்வாகம் வெளிப்படையாக அறிவித்திருப்பதை அப்படியே சொல்லுங்கள்.

இடம் கொடுத்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது

சேர்க்கைக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் வகுப்பு தொடங்கும் நாளுக்கும் இடையில் மாணவியர் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு 'சம்மர் மெல்ட்' (கோடையில் உருகிப்போதல்) என்றே பெயர் இருக்கிறது. இதை ஆராய்ந்த பெஞ்சமின் காசில்மேன், லிண்ட்சே பேஜ் ஆகியோர், வறுமையான குடும்பங்களின் பிள்ளைகளே இப்படி அதிகம் நழுவுகிறார்கள் என்று கண்டார்கள். அவர்களுக்குப் படிக்கும் விருப்பம் குறைந்துவிடவில்லை. புரியாத ஒரு படிவம், தவறிய ஒரு தேதி, யாரைக் கேட்பது என்று தெரியாத நிலை, இவ்வளவுதான். நினைவூட்டும் குறுஞ்செய்திகளே சில இடங்களில் சேர்க்கையை உயர்த்தின.

ஆகவே பட்டியலை மூடிவைக்காமல் ஒவ்வொருவரையும் தொடர்புகொள்ளுங்கள். அதிலும் ஒரு தவறு நேரக்கூடும். வீட்டில் ஒரே கைப்பேசி இருக்கும். அதை எடுப்பவர் அவள் படிக்கப் போவதில் உடன்பாடு இல்லாதவராக இருப்பார். ஆலோசனையில் அவள் நம்பிக்கையோடு சொன்ன ஒன்றை, நாம் நல்லெண்ணத்தில் அந்த எண்ணில் உளறிவிட்டால் அவளுடைய படிப்பே நின்றுபோகலாம்.

இதனால் எங்கள் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்: "எந்த எண்ணில், எந்த நேரத்தில், எப்படித் தொடர்புகொள்ளலாம்?" முதல் ஆண்டு திரும்பி வந்த படிவங்களில் பலர் அந்த வரியை வெறுமையாக விட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "அழைக்க வேண்டாம். குறுஞ்செய்தி போதும். இரவு 9 மணிக்கு மேல். தயவுசெய்து அனுப்புங்கள்."