பூத்தையலைப் பாதியில் கைவிட வைக்கும் தவறுகள்

கொழும்புப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் மெஷினில் அடித்த பூ வேலைப்பாட்டை மீற்றர் கணக்கில் வாங்கலாம். வெள்ளவத்தையில் பிளவுஸைக் கொடுத்தால் கழுத்திலும் கையிலும் வேண்டியதைத் தைத்துத் தருவார்கள். அப்படியிருந்தும் ஒரு தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு ஊசியும் நூலுமாய் மினக்கெடுகிறவர்கள் குறைந்தபாடில்லை. கண்ணும் கையும் ஒரே இடத்தில் இருக்கிறபோது போனை எடுக்கத் தோன்றாது, மனமும் தானாக அடங்கும். பிழைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். செய்து முடித்தது பிள்ளைகள் காலத்திலும் வீட்டில் இருக்கும்.

ஆனால் ஆசையாய்த் தொடங்கி, இரண்டு பூவோடு பெட்டிக்குள் போட்டுவிடுகிறவர்களும் ஏராளம். “எனக்குக் கைவராது” என்பார்கள். அந்தத் துணியை வாங்கிப் பார்த்தால் குறை கையில் இருப்பதில்லை. நூல் நீளமாய் இருந்திருக்கும், துணி தொய்ந்திருக்கும், ஊசி தடிப்பாய் இருந்திருக்கும். போதாக்குறைக்கு, நாம் பார்த்துப் பழகும் வீடியோக்களில் பல குளிர்நாடுகளில் எடுத்தவை. கொழும்பின் புழுக்கத்தையும் கடற்காற்றையும் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் வராது. நமக்கோ பாதிப் பிரச்சினை அங்கேதான்.

முதல் தவறு கடையிலேயே நடந்துவிடுகிறது. கண்ணுக்குப் பட்ட நிறமெல்லாம் வாங்கி, மயிலும் கொடியுமாய்ப் பெரிய டிசைன் ஒன்றைத் தெரிவு செய்வது. பிரான்சின் பேயோ நகரத்துப் புகழ்பெற்ற பூத்தையல் துணி 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ 70 மீற்றர் நீளம். கப்பல், குதிரை, போர்க்களம் எல்லாம் அதில் உண்டு. மூன்று தாவரச் சாயங்களிலிருந்து எடுத்த பத்து நிறக் கம்பளி நூல்தான் அவ்வளவுக்கும். கோடுகளுக்குக் காம்புத் தையல் (ஸ்டெம் ஸ்டிச்), உள்ளே நிரப்ப நூலைப் பரப்பி அதன்மேல் குறுக்கே கட்டும் தையல் என்று இரண்டே வகைதான் வேலையில் பெரும்பங்கு. முதல் துணிக்கு மூன்று நிறமும் இரண்டு தையலும் தாராளம். ஒரு கைலேஞ்சி மூலை போதும்.

துணி விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வழுக்குகிற பொலியெஸ்டரிலும் இழுபடுகிற ரீ-சேர்ட் துணியிலும் பழகத் தொடங்கினால் தையல் சுருங்கத்தான் செய்யும். நெருக்கமாய் நெய்த பருத்தியோ லினனோ எடுங்கள். எடுத்ததும் தோய்த்துக் காயவிடுங்கள். புதுப் பருத்தி முதல் தோய்ப்பில் சுருங்கும், நூல் அந்தளவு சுருங்காது. தைத்த பிறகு தோய்த்தால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழுந்துவிடும், அதை எந்த அயனும் எடுக்காது.

நூலில்தான் அதிகம் பேர் மனமுடைகிறார்கள். ஆங்கர், டிஎம்சி போன்ற கம்பனிகளின் பருத்தி நூற்கண்டுகளில் ஆறு இழை சேர்ந்திருக்கும், ஒரு கண்டு 8 மீற்றர். ஆறையும் அப்படியே கோத்தால் பூ தடித்து, கயிறு வைத்துத் தைத்ததுபோல் நிற்கும். இரண்டு இழை போதுமென்று தெரிந்தவர்களும் இரண்டையும் ஒன்றாகப் பிடித்து இழுக்கிறார்கள், மீதி நாலும் சிக்காகிவிடும். ஒரு முனையை இரண்டு விரலால் இறுக்காமல் பிடித்து, ஒரேயொரு இழையை மட்டும் நேரே மேலே உருவுங்கள். மற்றவை விரலுக்குக் கீழே சுருண்டு குவியும், பயப்பட வேண்டாம், நீவிவிட்டால் நேராகிவிடும். அடுத்த இழையையும் அப்படியே உருவி, பிறகு இரண்டையும் சேர்த்து ஊசியில் கோர்த்துக்கொள்ளுங்கள். தனித்தனியே எடுத்துச் சேர்த்த இழைகள் துணியில் தட்டையாகப் படியும், மினுக்கமும் கூடும்.

நீளம் சுமார் 45 சென்ரிமீற்றர், அதாவது விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீற்றர் வெட்டினால், அந்த நூல் துணிக்குள்ளால் போய்வந்தே பஞ்சு பறந்து மங்கிவிடும். நாலைந்து தையலுக்கு ஒருதரம் ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்குத் தானாய்ப் பிரியும். ஊசியில் இலக்கம் கூடக்கூட மெலிவு. இரண்டு இழைக்கு எட்டாம் இலக்கப் பூத்தையல் ஊசி நல்ல பொருத்தம்.

நூலை ஊசியில் சுற்றிப் போடும் பிரெஞ்ச் நொட் எனப்படும் முடிச்சுப் பூவில் எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: மேலே வந்த அதே துளையில் ஊசியை இறக்குவது. முடிச்சு பின்பக்கமாய் வழுகிப் போய்விடும். துணியின் ஒன்றிரண்டு இழை தள்ளி இறக்குங்கள். ஊசி முழுதாய்க் கீழே போகும்வரை இடக்கை அந்தச் சுற்றிய நூலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இந்த இடக்கை வேலையை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, முடிச்சின் வடிவே அதில்தான் இருக்கிறது.

பின்பக்கத்தை யார் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு பூவிலிருந்து தூரத்துப் பூவுக்குக் கறுப்பு நூலை அப்படியே இழுத்துக்கொண்டு போனால் வெள்ளைத் துணியில் முன்னால் நிழலடிக்கும். நூலை வெட்டி, வாலை ஏற்கெனவே தைத்த தையல்களுக்கு அடியால் நுழைத்து முடியுங்கள்.

இனிப் புழுக்கம். தைக்கும்போது துணியைப் பிடித்து வைக்கும் வளையத்தில் அதை மேளத் தோல் மாதிரி இறுக்க வேண்டும், சரி. ஆனால் இரவு படுக்கப் போகும்போது கழற்றிவிட வேண்டும். வியர்வைக் கையின் அழுக்கு வளைய விளிம்பில் வட்டமாய்ப் படிந்து, நாட்கணக்கில் விட்டால் கறையாகிவிடும். இரும்புத் திருகாணி இருந்தால் துருவும் சேரும். ஊசியைத் துணியில் குத்தியபடி விடுவது அதைவிடக் கெடுதி. கடலோர வீடுகளில் ஊசி துருப்பிடிக்க அதிக காலம் எடுக்காது, நிற நூலைக் கெடுக்காமல் அந்தப் பொட்டை நீக்குவதோ பெரும்பாடு. தைக்க உட்காருமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் விரலில் இருந்தாலே வெள்ளைத் துணி மஞ்சளடிக்கும்.

டிசைன் வரையும் பேனைகளிலும் இதே சங்கதி. தானாக மறையும் ஊதாப் பேனை ஈரக் காற்றில் இன்னும் வேகமாய் மறையும், பாதி தைக்குமுன் கோடு போய்விடும். தண்ணீரில் போகும் நீலப் பேனை நமக்கு ஏற்றது. ஒன்று மட்டும்: அது முழுதாய்க் கழுவுப்படாமல் அயன் சூடு காட்டக்கூடாது, கோடு துணியிலேயே நிலைத்துவிடும்.

சிவப்பு, மெரூன், கடும் நீல நூல்களைத் தைக்குமுன் ஈரமான வெள்ளைத் துணித்துண்டில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வெள்ளைத் துணிக்கு அதைத் தொடவே வேண்டாம். முடிந்த வேலையைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் வைத்து ஒற்றுங்கள். தடித்த துவாய் ஒன்றில் பூப்பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக அயன் பண்ணினால் பூக்கள் நசியாமல் எழுந்து நிற்கும்.

எடுத்து வைக்கும்போது பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே அகப்பட்ட ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மடிக்கவும் வேண்டாம். பழைய வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துப் பூப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி அலுமாரியில் வையுங்கள். மழை விட்டு நல்ல வெயில் எறிக்கும் நாட்களில் எடுத்து நிழலில் காற்றாட விரித்தால் போதும்.